பல்மலை வழியாக ஒரு சுற்று

பல்லக்காவின் ரயிலுக்கு முன்னால் போகத் தெரியும், பின்னால் வரத் தெரியும். சுற்றி வரத் தெரியாது.

அதன் தப்பில்லை. கட்டிலின் நீளத்துக்கு ஒரு பலகை, அதன்மேல் ஒரு ஊர். இடது ஓரத்தில் புறப்படும் ரயில் ஸ்டேஷனைத் தாண்டி, மலைக்குள் புகுந்து, வலது ஓரத்தில் வெளியே வந்து, சுவருக்கு ஒரு விரற்கடை முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு வந்த வழியே பின்னோக்கி நகரும். படுக்கையறையில் அதற்குமேல் இடம் கிடையாது. வளைவு போட வேண்டுமென்றால் ஒன்று பீரோ வெளியேற வேண்டும், இல்லை கணவர் வெளியேற வேண்டும். இரண்டையும் அவள் யோசித்துப் பார்த்தாள் என்றுதான் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கணவர் பஸ் டிரைவர். அவருக்கு இந்த ரயில் விஷயத்தில் கோபம் கிடையாது, வியப்புத்தான். "நாள் முழுக்க ஒரே ரூட்ல போய்ட்டுப் போய்ட்டு வர்றேன். எனக்குத் தலைவேதனை. நீ அதையே ஆசைப்பட்டு கட்டில் பக்கத்துல வச்சிருக்கியேம்மா!" என்பார்.

அவருடைய தங்கை, அதாவது நாத்தனார், முன்னறையில் தையல் மிஷின் போட்டு ரவிக்கையைப் பெரிசு பண்ணுவதும் பேன்ட்டைச் சின்னது பண்ணுவதுமாக இருப்பவள். அவளுடைய வருத்தம் வேறு. "அண்ணி, உங்க ஊர்ல ஸ்டேஷன் இருக்கு, வீடு இருக்கு, மரம் இருக்கு, ஆடு கூட இருக்கு. ஒரே ஒரு பஸ் இல்ல. எங்க அண்ணன் அந்த ஊருக்கு வந்தா வேலைக்கு எங்க போவாரு?"

"ஆடு மேய்க்கட்டும்," என்பாள் பல்லக்கா, கண்ணை எடுக்காமல்.

பல்லக்கா என்பது வேலையால் வந்த பெயர். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்கிறாள். முன்னறையில் டாக்டரம்மா வாயில் அச்சு எடுப்பார். பின்னறைக்கு அச்சு வரும், ஆள் வரமாட்டார். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினால் தாடை அப்படியே வெள்ளைக் கல்லாக வந்துவிடும். அதன்மேல் மெழுகு வைத்து, பல் அடுக்கி, ஈறு நிறத்தில் பிளாஸ்டிக் வார்த்து, அரத்தால் ராவி, மெருகேற்றி அனுப்ப வேண்டியது அவள் பொறுப்பு. அதனால் அவளுக்கு ஊரில் பாதிப் பேரின் வாய் தெரியும்; முகம் தெரியாது. கடைத்தெருவில் யாராவது கொட்டாவி விட்டால் 'அட, நீங்களா!' என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் எழும். வெளியே சொல்ல மாட்டாள். தொழில் நாகரிகம்.

வேலை முடிந்த அச்சுகளைக் குப்பையில் போடச் சொல்வார் டாக்டரம்மா. ஒரு நாள் பல்லக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மேடம், இதையெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

"எதுக்கு?"

"மலை கட்டணும்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி அவளை ஒருமுறை பார்த்தார். "அடியில பேர் எழுதியிருக்கும். அதைச் சீவிட்டு எடுத்துட்டுப் போங்க," என்றார். மலை எதற்கு என்று கேட்கவில்லை. பல் பிடுங்குகிறவர்கள் எதற்கும் அசர மாட்டார்கள்.

அப்படித்தான் மலை எழும்பியது. தாடைமேல் தாடையாக அடுக்கி, முன்பக்கம் மட்டும் மாவு பூசி, பாறை செதுக்கி, பச்சை தூவி, பார்த்தால் சத்தியமான மலை. பின்பக்கம் சுவரை ஒட்டி இருந்ததால் அங்கே எதுவும் பூசவில்லை. ஊரின் பாதி வாய்கள் அங்கே வரிசை வரிசையாகச் சுவரைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன. சுரங்கத்தின் கடைசி வாசலும் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாது. எனவே அங்கேயும் மெனக்கெடவில்லை. குதிரை லாடம் போன்ற ஒரு கீழ்த்தாடை அச்சைக் கவிழ்த்து நிற்க வைத்து, அதையே வளைவாக்கிவிட்டாள். ரயிலின் உயரமும் அகலமும் இரண்டு விரல் அளவுதான். தாராளமாகப் போய் வந்தது. இன்னும் ஒன்றிரண்டு சில்லறை வேலைகளும் அந்தப் பின்பக்கத்தில் இருந்தன. அவை அவளுக்கு மட்டும் தெரியும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தக் கண்காட்சியை அவள் பார்க்காமல் இருந்திருந்தால்.

வேலை முடிந்து வரும் வழியில், வணிகர் சங்க மண்டபத்து வாசலில் 'குட்டி ரயில் வட்டம்' என்று பேனர் கட்டியிருந்தது. சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தாள். மேஜைகள் மண்டபத்தைச் சுற்றி வரிசையாக நின்றன, அவற்றின்மேல் ஊர்கள். ஒரு பச்சை வண்டி அவள் மூக்குக்கு முன்னால் வலப்பக்கமாகப் போய் மறைந்தது. வீட்டுப் பழக்கத்தில் அவள் வலப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள், பின்னோக்கி வரும் என்று. வரவில்லை. சரி, கோளாறு போல என்று நினைத்துத் திரும்பப் போன நேரத்தில், இடப்பக்கத்திலிருந்து வந்து அவளைத் தாண்டிப் போயிற்று. முதுகில் யாரோ தட்டிவிட்டு ஓடின மாதிரி இருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்றவர் நகர்ந்து நின்றார்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். தன் ரயில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, போன பக்கம் திரும்பி வராமல் மறுபக்கமாக வர வேண்டும். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். கட்டிலளவு ஊரை வைத்துக்கொண்டு ஒருத்தி இதற்குப் போய் ஏன் தவிக்க வேண்டும்? கேட்டால் அவளுக்கே தெரியாது. பல்செட்டும் அப்படித்தான், போன வழியே வரும், வந்த வழியே போகும். பஸ்ஸும் அப்படித்தான். ஒருவேளை அதனால் இருக்கலாம். அல்லது அந்தத் தட்டலால் மட்டும் இருக்கலாம்.

வட்டத்தில் சேர்ந்தாள். அதன் வழக்கம் எளிது. ஆளுக்கொரு பலகை செய்து கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் அடுத்தடுத்து மாட்டினால் மண்டபத்தைச் சுற்றி ஒரே பாதை. ஓட்டுகிறவர்கள் உள்ளே நிற்பார்கள், பார்க்க வருகிறவர்கள் வெளியே. கண்காட்சி அன்று ஒவ்வொரு உறுப்பினரும் தன் வண்டியை ஒரு முழுச் சுற்று ஓட்டலாம். புதியவர்களுக்குக் கடைசி முறை. அந்தக் கடைசி முறைக்காகத்தான் பல்லக்கா நாளெல்லாம் ராவினாள், ஒட்டினாள், பூசினாள், வேலையிடத்தில் யாருடைய கடைவாய்ப் பல்லையோ சரிசெய்யும்போதும் தண்டவாளத்தையே நினைத்தாள்.

வட்டத்தின் செயலாளர் வரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, எஃகு ஸ்கேல் இருக்கும். அளவுகோல் சார் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் பெருமைதான். சிரித்தால் அளவு மாறிவிடுமோ என்று பயப்படுகிறவர் மாதிரி உதட்டை மூடியே சிரிப்பார். அவர்தான் போனில் அளவு சொன்னார்.

"ஓட்டுறவங்க நிக்கிற பக்கத்து விளிம்புல இருந்து தண்டவாளம் ஒரு ஜாண் தள்ளி வரணும் மேடம். ரெண்டு முனையிலயும். ஒரு நூல் கூடக் கூடாது, ஒரு நூல் குறையவும் கூடாது."

"அப்படியே இருக்கு சார். அளந்துட்டேன்."

உண்மையிலேயே அளந்திருந்தாள். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

கண்காட்சிக் காலையில் பலகையை மெத்தைக்கும் தலையணைக்கும் நடுவில் படுக்க வைத்து, ஒரு சரக்கு வேனில் ஏற்றினார்கள். கணவருக்கு டூட்டி. "ஷிப்ட் முடிஞ்சதும் நேரா வந்துடறேன். உன் வண்டி கிளம்பறதுக்குள்ள வந்துடுவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். நாத்தனார் கத்தரிக்கோல் பையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள்.

"ரயிலு பாக்கப் போறதுக்குக் கத்தரிக்கோல் எதுக்குடி?"

"ஆபத்துக்கு உதவும் அண்ணி. உங்களை நம்பி வெறுங்கையோட வர முடியுமா?"

மண்டபத்தில் பலகையை இறக்கி, அதன் இடத்தில் வைத்து, அழகான பக்கம் வெளியே தெரிய நிறுத்தி, பல்லக்கா நாலு அடி தள்ளி நின்று பார்த்தாள். மனசு பலூன் மாதிரி ஏறியது. அளவுகோல் சார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

பக்கத்துப் பலகையின் தண்டவாளம் ஒரு இடத்தில் முடிந்தது. பல்லக்காவின் தண்டவாளம் இரண்டு ஜாண் தள்ளி எங்கேயோ தொடங்கியது.

"மேடம், ஓட்டுறவங்க பக்கத்துல இருந்து ஒரு ஜாண்னு சொன்னேனே."

"அதேதான் சார். இதோ, இந்த விளிம்புல இருந்து ஒரு ஜாண்."

"இது பாக்குறவங்க நிக்கிற பக்கம்."

"நான் இந்தப் பக்கம்தான் சார் நின்னு ஓட்டுவேன்."

"பாக்குறவங்க எங்க நிப்பாங்க?"

"பாக்குறதும் நான்தானே சார்!"

அளவுகோல் சார் ஸ்கேலைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். அவ்வளவு பெரிய வட்டத்தில் இத்தனை வருஷமாக யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்ததில்லை, ஏனென்றால் தனக்குத் தானே டிரைவராகவும் தனக்குத் தானே கூட்டமாகவும் இருந்த ஆள் இதற்கு முன் வந்ததில்லை.

விதிப்படி சேராத பலகை வெளியே போக வேண்டும். சார் அதைச் சொல்லவும் செய்தார். பல்லக்கா பலகையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்போது மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. லிஃப்ட் மெக்கானிக். அவனும் உறுப்பினன்தான், அடுத்த பலகை அவனுடையது.

"சார், அக்கா பலகையை எடுத்துட்டா நடுவுல ஓட்டை விழும். மூலைப் பலகையெல்லாம் இறுக்கி முடிச்சாச்சு, நகத்த முடியாது. வட்டமே இருக்காது. அப்புறம் எல்லாரும் முன்னால போய்ப் பின்னால வர வேண்டியதுதான்."

முன்னால் போய்ப் பின்னால் வருவது! பல்லக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"திருப்பி வச்சா சேரும் சார்," என்றான் மெக்கானிக். "ஊரு மட்டும் முதுகைக் காட்டிட்டு நிக்கும். வயரை இடம் மாத்திக் குடுத்துடறேன், இல்லன்னா ஷார்ட் ஆகும்."

திருப்பி வைத்தார்கள். தண்டவாளத்தோடு தண்டவாளம் வந்து கச்சிதமாகச் சேர்ந்தது. அளவுகோல் சார் ஸ்கேலை வைத்துப் பார்த்து, ஒரு நூலும் பிசகவில்லை என்று ஒப்புக்கொண்டு, நிமிர்ந்து, வெளிப்பக்கம் வந்து, அந்தப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

மலை முழுக்கப் பல்.

சார் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். காது சிவந்தது. "மூடுங்க," என்றார் விரலிடுக்கு வழியாக. "முதல்ல இதை மூடுங்க. மண்டபத்தைத் திறக்கப் போறாங்க. இது வெளியில தெரிஞ்சா உங்க முறையே கிடையாது மேடம். சொல்லிட்டேன்."

"ஆபத்துக்கு உதவும்னு சொன்னேன்ல?" என்று நாத்தனார் பையைத் திறந்தாள். பச்சை லைனிங் துணி. கண் மூடித் திறப்பதற்குள் வெட்டி, ஓரம் மடித்து, மலைக்கு ஒரு பாவாடை தைத்துவிட்டாள். குண்டூசி மாவுக்கல்லில் இறங்கவில்லை. "பரவால்ல, இடுக்குல செருகிட்டேன். நிக்கும்," என்றாள். மலையோடு ஊரின் பின்பக்கம் முழுவதும் பாவாடைக்குள் போயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் மலை மாதிரியும் இருந்தது, குளித்துவிட்டு வந்த யானை மாதிரியும் இருந்தது.

கதவு திறந்தது. கூட்டம் தண்ணீர் மாதிரி உள்ளே வந்தது. மூலையில் மைக்செட்காரர் உட்கார்ந்து, "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, சிறப்பான சந்தர்ப்பம், சிந்தாமல் சிதறாமல் சுற்றிப் பார்த்துச் செல்லுங்கள்," என்று ஸகரமும் சகரமுமாகப் பொழிந்துகொண்டிருந்தார். முதல் சுற்று வழக்கம்போல அளவுகோல் சாருடையது. கறுப்பு எஞ்சின், நீளமான பெட்டி வரிசை, அவருடைய நடையே போல நிதானம். அது மெக்கானிக்கின் பலகையைத் தாண்டி, பல்லக்காவின் ஊருக்குள் வந்து, ஸ்டேஷனைக் கடந்து, மலைக்குள் நுழைந்தது. உள்ளே நின்ற பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சுரங்கத்தின் கடைசி வாசலில் பாவாடையின் ஓரம் கொஞ்சம் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. எஞ்சின் மட்டும் கவனித்தது. கறுப்பு எஞ்சின் வெளியே வரும்போது தலையில் பச்சை முக்காடு போட்டுக்கொண்டு வந்தது. வந்தது மட்டுமா, நிற்கவும் இல்லை. சார் பதறி வேகக் குமிழைத் திருகினார், அவசரத்தில் எதிர்ப்பக்கம். எஞ்சின் வேகம் பிடித்தது. லைனிங் துணி வழுக்கும் என்பது யாருக்குத் தெரியாது? சரசரவென்று இழுபட்டு, மலையின் பாவாடை மொத்தமாக அவிழ்ந்து விழுந்தது.

மலை கூட்டத்தைப் பார்த்து இளித்தது. கூட்டம் மலையைப் பார்த்தது.

"என்ன அண்ணி, துணி நல்லாத்தானே செருகினேன்," என்றாள் நாத்தனார், யாரும் கேட்காமலேயே.

மைக்செட்காரர் தன் இடத்திலிருந்து எழுந்தார். நீள வயரை இழுத்துக்கொண்டு மைக்கோடு வந்தார். மலைக்கு முன்னால் குனிந்தார். அவருக்கு ஒரு காலத்தில் மேலே ஒரே ஒரு பல்தான் மிச்சம், தனிப் பனைமரம் மாதிரி. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவருக்குச் சொல்லோடு தொழிலே போக இருந்தது. ஸ என்றால் காற்றுத்தான் வரும். டாக்டரம்மாவிடம் போனார், பல்செட் வந்தது, ஸ வரவில்லை; திருப்பி அனுப்பினார்; பின்னறையிலிருந்து யாரோ ராவி அனுப்பினார்கள்; மறுபடி அனுப்பினார்; மறுபடி ராவல். கடைசியில் ஸ வந்தே விட்டது. அந்த யாரோ யார் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் டாக்டரம்மாவின் மேஜையில் தன் தாடையின் அச்சைப் பார்த்திருக்கிறார். தனிப் பனைமரத்தை மறக்க முடியுமா?

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே!" மைக் அலறியது. "சத்தியமாகச் சொல்கிறேன், இது என் வாய்! இதோ என் பல்! மூன்றாவது வரிசையில் ஒற்றையாக நிற்பது அடியேன்தான்!"

அவ்வளவுதான். மண்டபத்தில் இருந்த அத்தனை ஊர்களையும் அம்போவென்று விட்டுவிட்டுக் கூட்டம் பல்மலைக்குப் பாய்ந்தது.

"அதோ அந்த ஓட்டைப் பல்லு எங்க மாமாவோடதுதான்!"

"உங்க மாமாவுக்குப் பல்லே கிடையாதே."

"அதனாலதானே இங்க இருக்கு!"

"ஏங்க, என்னோடது இருக்கான்னு பாருங்க."

"உன் வாய் இதுக்குள்ள அடங்குமா? தனி மலை வேணும்."

பல்லக்கா கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றாள். யாருடைய வாய் எது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதை அவள் செத்தாலும் சொல்ல மாட்டாள். ஆனால் இங்கே பாதிப் பேர் தங்களுடையது என்று அவர்களாகவே சொந்தம் கொண்டாடினார்கள், பல் வலியே வந்திராதவர்கள்கூட. அவளுக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. அடக்கினால் மூக்கு வழியாக வந்தது.

நெரிசலில் மேஜை லேசாக நகர்ந்தது. அடுத்து வந்த வண்டி பலகைகள் சேரும் இடத்தில் துள்ளிக் கவிழ்ந்தது. அளவுகோல் சார் எஞ்சினில் சிக்கிய துணி நூலைப் பிரித்துக்கொண்டே வந்தார், முகம் கடுகடுவென்று.

"போதும் மேடம். கூட்டு விலகிடுச்சு. வண்டிகள் விழுது. உங்க முறை..."

"சார், கொஞ்சம் இருங்க. கடி சரியில்ல. அவ்வளவுதான்."

"என்னது?"

"மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேரல. தினமும் பாக்குறதுதான் சார்."

கைப்பையைத் துழாவி ஒரு நீலத்தாளை எடுத்தாள். புதுப் பல்செட்டை மாட்டியதும் இந்தத் தாளைக் கடிக்கச் சொல்வார்கள். எங்கே மேடோ அங்கே நீலம் ஒட்டும். கூட்டின்மேல் தாளை விரித்து, ஒரு காலிப் பெட்டியை அழுத்தி உருட்டினாள். எடுத்துப் பார்த்தால் ஒரு தண்டவாள முனையில் மட்டும் நீலப் பொட்டு. மெக்கானிக் மேஜைக்கு அடியில் புகுந்து, காலுக்கு அட்டை கொடுத்து, "இப்ப அக்கா? இப்ப?" என்று கேட்டுக் கேட்டு ஏற்றினான். அவள் சின்ன அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தாள். சார் தன் எஃகு ஸ்கேலைக் குறுக்கே வைத்துக் கண்ணைச் சுருக்கி, "இன்னும் ஒரு நூல் ஏத்துங்க," என்றார். அவரும் மறந்துவிட்டார், தான் கோபமாக இருப்பதை. மறுபடி நீலத்தாள். நீலம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒட்டியது.

"கடிச்சுப் பாருங்க சார்," என்றாள் பழக்க தோஷத்தில். "ஐயோ, ஓட்டிப் பாருங்க."

அந்த நேரத்தில் சீருடையோடு, வியர்வையோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிரைவர் வந்து சேர்ந்தார். மனைவியின் பலகையைத் தேடினார். வாழ்நாளில் பார்த்திராத பக்கத்தைப் பார்த்தார். பல்லுக்கு அவர் அசரவில்லை. அந்த வீட்டில் பல்லுக்கு யார் அசருவார்கள்? மலையடிவாரத்தில், வீடுகளுக்குப் பின்னால், மூடிய ரயில்வே கேட்டுக்கு முன்னால், சின்னதாக ஒரு ரோஸ் நிற பஸ் நின்றுகொண்டிருந்தது. அதைக் கண்டுதான் அப்படியே நின்றார்.

"இது யாரு வண்டி?"

"உங்களுதுதாங்க," என்றாள் உள்ளே நின்ற பல்லக்கா.

"ரோஸ் கலர்லயா?"

"ஈறுக் கலருங்க. பல்செட்டுல மிஞ்சினதுல வார்த்தது. பாக்க ஒரு மாதிரியா இருக்கேன்னு பின்னால வச்சிட்டேன்."

"அதுலயும் கேட்ல நிக்க வச்சிருக்கியே!"

"நீங்கதானே சொல்வீங்க, பாதி நாள் கேட்லயேதான் நிக்கிறேன்னு."

"அண்ணன் பஸ் இல்லன்னு நான் எத்தனை தடவை சண்டை போட்டேன்! வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன அண்ணி?" என்று நாத்தனார் சீறினாள். சீறிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிரைவர் அந்தப் பஸ்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அந்நியரிடம், "டிரைவர் சீட்ல ஆள் கூட இருக்காரு பாருங்க," என்று காட்டினார்.

பல்லக்காவின் முறை வந்தது. மஞ்சள் எஞ்சின், பின்னால் அவளே செய்த மூன்று பெட்டிகள். குமிழின்மேல் விரலை வைத்தாள். ஊரில் உள்ள நடுங்கும் தாடைகளையெல்லாம் நிமிர்த்தி வைத்த விரல்.

"பல்மலை வழியாகச் செல்லும் விசேஷ ரயில், சற்று நேரத்தில், முதலாவது நடைமேடையிலிருந்து புறப்படும்," என்றார் மைக்செட்காரர். ஒரு 'ஸ' கூடத் தவறவில்லை.

புறப்பட்டது. ஸ்டேஷனைத் தாண்டியது. மலைக்குள் போனது, மலையிலிருந்து வெளியே வந்தது, பலகையின் ஓரத்தை நெருங்கியது. வழக்கமாகக் கை தானாகக் குமிழை மூடும் இடம் அது. சுவர் வரும் இடம். கை துடித்தது. மூடாமல் வைத்துக்கொண்டாள். ரயில் பலகைகள் சேரும் இடத்தைத் தாண்டியது, ஒரு சின்னத் துள்ளல்கூட இல்லாமல், நல்ல கடியில் பல் உட்காருகிற மாதிரி. அப்புறம் அது அவளுடைய ஊரில் இல்லை.

எங்கே போகிறது என்று தெரியவில்லை, கூட்டம் மறைத்தது. ஆனால் சத்தம் அதனோடு கூடவே போயிற்று. "அதோ, அதோ!" என்று மண்டபத்தின் அந்த மூலையில் கேட்டது, பிறகு அதற்கடுத்த மூலையில். மைக்செட்காரர் கூடவே ஓடினார். "பாலத்தைக் கடக்கிறது! சந்தையைக் கடக்கிறது! லிஃப்ட்காரர் ஊரில் யாரும் ஏறவில்லை!" வயர் ஒரு நாற்காலியைச் சாய்த்தது. டிரைவர் தன் சீருடைத் தொப்பியைக் கசக்கிக்கொண்டு, "சிக்னல் பாத்துப் போம்மா, சிக்னல் பாத்து," என்று யாரும் இல்லாத ரயிலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பல்லக்கா வலப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டுமென்றுதான்.

கழுத்துக்குப் பின்னால் ஒரு சின்ன உறுமல். இடப்பக்கத்திலிருந்து மஞ்சள் எஞ்சின் அவளைத் தாண்டிப் போனது. முதுகில் தட்டிவிட்டு ஓடுகிற அதே குறும்பு. ஆனால் இந்தமுறை தட்டியது அவளுடையது. நின்ற இடத்திலேயே குதித்தாள். நாத்தனாரும் வெளியே நின்று குதித்தாள். காரணம் தெரியாத நாலைந்து பேரும் கூடக் குதித்தார்கள்.

ஆளுக்கு ஒரு சுற்று என்பது விதி. அளவுகோல் சார் அருகில் வந்து நின்றார். நிறுத்தச் சொல்லப் போகிறார் என்று நினைத்து அவள் குமிழைத் திருகி வேகத்தைக் குறைத்தாள். சார் வாய்க்குமேல் கையை வைத்துக்கொண்டு, மிக மெல்லிய குரலில் கேட்டார்.

"மேடம், என்னோடது... அதுல இருக்கா?"

பல்லக்கா அவரைப் பார்த்தாள். முதல் நாளே அந்த மூடிய சிரிப்பின் ஓரத்தை வைத்து அவளுக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்டால்தானே சொல்ல முடியும்? கேட்டுவிட்டாரே.

"கடைசி வாசல்ல வளைவா நிக்குதே சார், அதுதான். நல்ல கெட்டியான கீழ்த்தாடை. ஒரு நூல் கோணல் கிடையாது. வட்டத்துல ஓடுற எல்லா ரயிலும் உங்க வாய் வழியாத்தான் போகுது."

சாரின் கை மெல்லக் கீழே இறங்கியது. வாய் திறந்தது. மண்டபத்தில் யாரும் பார்த்திராத ஒரு முழுச் சிரிப்பு, இரண்டு வரிசையும் தெரிய. பல்லக்கா தன் வேலையைப் பார்த்துக்கொண்டாள்: கடி கச்சிதம், நிறம் பொருத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

மஞ்சள் எஞ்சின் ஸ்டேஷனை நெருங்கியது.

"ஸ்டாப் வந்துடுச்சும்மா, நிறுத்தலையா?" என்றார் டிரைவர்.

"யாரும் பெல் அடிக்கலையேங்க!"

"ஓடட்டும் மேடம்," என்றார் அளவுகோல் சார், வாயை மூடாமல்.

ரயில் ஸ்டேஷனைத் தாண்டி, மலைக்குள் புகுந்து, சாரின் வாய் வழியாக வெளியே வந்து, வலப்பக்கம் போய் மறைந்தது. பல்லக்கா இந்தமுறை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இடப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.